ஈரச் சந்தனம்

நாலு நாளைக்கு முன்னால் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர வேண்டும். பழனிக்குமாரின் மேசை போனில் மட்டும் அது ஈரமாக இருந்தது.

அசோக்குமார் விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். இப்போதுதான் கல்லில் உரைத்து எடுத்தது போல் குளுமையான வாசனை. காலையில் யாரோ புதிதாக வைத்திருப்பார்கள், இந்த ஆபீசில் பக்திக்கா பஞ்சம் என்று விரலைத் துணியில் துடைத்துவிட்டு, போனைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

திண்டுக்கல்லில் இருந்து சின்னாளபட்டி போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த நூல் மில்லின் ஆபீஸ் அது. வருடா வருடம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த அன்றே போன் மெக்கானிக்கான அவனுக்கு அழைப்பு வந்துவிடும். நம் ஆட்கள் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. கம்ப்யூட்டர், பீரோ, காபி பிளாஸ்க் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு மேசை போனுக்கு வருவார்கள். ரிசீவரைத் தூக்கிவிட்டு, அது உட்காரும் குழியில், ஹூக் சுவிட்சின் சின்ன பட்டன் மேலேயே கொழகொழவென்று ஒரு அப்பு அப்புவார்கள். சந்தனம் பட்டனைச் சுற்றி உள்ளே இறங்கி இறுகிக்கொள்ளும். ரிசீவரை வைத்தால் பட்டன் அமுங்கி லைனைத் துண்டிக்க வேண்டும், எடுத்தால் எழும்பி லைன் வர வேண்டும். இரண்டும் நடக்காது. வைத்த போன் வைக்காத போனாகவே கிடக்கும். கூப்பிட்டால் எங்கேஜ்டு. போதாக்குறைக்கு அறையில் பேசுவதெல்லாம் லைனில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, பட்டனை அமுக்கி அமுக்கி விட்டுக் காதால்தான் பார்ப்பான். நல்ல பட்டன் டக் என்று எழும்பும். சந்தனம் தின்ற பட்டன் மந்தமாக டிக் என்று, திங்கட்கிழமைக் காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி எழும்பும். சாப்பாட்டு நேரம் தாண்டியும் இதே வேலைதான். வெளியே சிறுமலைப் பக்கம் மேகம் இறங்கி, ஜன்னலெல்லாம் பொழுதுக்கு முன்பே மங்கியிருந்தது.

"முடிஞ்சுச்சா மாப்ளே?"

பழனிக்குமார் கதவருகே நின்றான். மில்லின் ஆபீஸ் மேனேஜர் அவன். தன்னுடைய அறைக்குள் தானே வராமல் வாசற்படியில் நின்றதுதான் அசோக்குமாருக்கு விசித்திரமாகப் பட்டது. சவரம் செய்யாத முகம். கண்கள் சிவந்திருந்தன.

"ஒம்போனுலதான் சந்தனம் இன்னும் காயவே இல்ல. காலைல யாரு வச்சா?"

"யாரும் வைக்கல." சட்டென்று சொல்லிவிட்டு, பிறகு சிரிக்கப் பார்த்தான். "எவளாச்சும் கூட்டிப் பெருக்குறவ வச்சிருப்பா. நீ தொடைச்சுப் போடு."

சுவரில் இருந்து வரும் போன் வயர் பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்ததை அசோக்குமார் அப்போதுதான் பார்த்தான். அதைக் கேட்பதற்குள் பழனிக்குமார் போய்விட்டான்.

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அசோக்குமாரின் அப்பா இறந்தபோது பாடையின் ஒரு முனையைத் தோளில் வாங்கியவன் பழனி. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். இந்த மில் வேலையை வாங்கிக் கொடுத்தவன். உலகத்தில் ஒருத்தனிடம் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுச் சாவியைக் கொடுக்கலாம் என்றால் அது பழனியிடம்தான் என்று அசோக்குமார் தன் மனைவியிடமே சொல்லியிருக்கிறான். அவளுக்குக் கூட அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசியாக டெலிபோன் போர்டு இருந்த முன்னறைக்கு வந்தான். ஆபரேட்டர் அம்பிகா பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பத் தயாராக இருந்தாள்.

"அண்ணே, எல்லா லைட்டும் அணைஞ்சிருச்சு. இந்த நாப்பத்தொண்ணுதான் காலைல நான் வந்ததுலருந்து செகப்பாவே இருக்கு."

நாற்பத்தொன்று பஞ்சு குடோனில் இருக்கும் போன். நெருப்புப் பிடித்தால் நம்பர் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால், ரிசீவரை எடுத்தாலே ஆபரேட்டருக்கு மணி அடிப்பது போல அதை அமைத்திருந்தார்கள். ஆபரேட்டர் இல்லாத நேரத்தில் மணி பழனிக்குமாரின் செல்லுக்குப் போகும். அமைத்தவன் அசோக்குமார்தான். ஒரு தடவை பேசி முடித்தால், ரிசீவரை வைத்துவிட்டு மறுபடி எடுத்தால்தான் அடுத்த மணி. ஹூக் ஒட்டிக்கொண்டால் ஒரே அழைப்புதான். அதற்குப் பிறகு லைன் திறந்தே கிடக்கும், யாரையும் கூப்பிடாது.

"அங்கயும் சந்தனந்தேன். வேறென்ன?"

"இல்லண்ணே." அம்பிகா குரலைத் தாழ்த்தினாள். "அந்த லைன எடுத்துக் கேட்டேன். யாரோ தட்டுறாப்புல இருக்கு. பல்லியாயிருக்கும்னு வச்சுட்டேன். நீங்களே கேளுங்க. நான் வாரேன், பஸ்ஸு போயிரும்."

அவள் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து, கேட்டுப் பக்கம் மறைந்தது. அசோக்குமார் ரிசீவரைக் காதில் வைத்து நாற்பத்தொன்றின் சுவிட்சைத் தட்டினான்.

முதலில் ஒரு பெரிய அறையின் வெறுமை. தகரக் கூரை சூடு ஆறி நெளியும் சத்தம். எங்கோ தூரத்தில் புறா இறக்கையடித்தது. பிறகு, மிக அருகில், வாயருகே வைத்துத் தட்டுவது போல:

டிக். டிக். டிக்.

அது பல்லி இல்லை. இருபது வருடமாகக் கேட்ட சத்தத்தை அவன் காது மறக்குமா? ஹூக் பட்டனை ஒரு விரல் அமுக்கிக்கொண்டிருந்தது. அமுக்கி, விட்டு, லைன் வருகிறதா என்று ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, மறுபடி அமுக்கியது. பட்டன் சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு சரியாக எழும்பாத சத்தம். அமுக்கும் விரலுக்கு அவசரம் இல்லை. மிகவும் களைத்த விரல்.

"ஹலோ? யாரது?"

தட்டுவது நின்றது. யாரோ கவனிக்கிற மௌனம். அசோக்குமார் ரிசீவரை வைத்துவிட்டு எழுந்தான்.

வராந்தாவில் சாமி படத்துக்கு முன்னால் பூஜைப் பலகை இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது. வாடிய செவ்வந்தி, பொரி, கணக்குப் பிள்ளையின் பேனா. அதன் நடுவே ஒரு நீள டார்ச்சும் பழைய பட்டன் செல்லும். இரண்டின் மேலும் சந்தனமும் குங்குமமும். அவை வாட்ச்மேன் ஆவுடையப்பனுடையவை என்று பார்த்ததும் தெரிந்தது. தன் தொழிலுக்கான சாமான் அது இரண்டும்தான் என்று வருடா வருடம் பூஜையில் வைப்பார். வைத்ததை மறுநாள் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவார், அதுவரை தொடவே மாட்டார். செல் எப்போதோ செத்திருந்தது.

பழனிக்குமார் போர்ட்டிகோவில், அப்போதுதான் பிடித்த மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பழனி, ஆவுடையப்பண்ணன் எங்கடா?"

"பழனி மலைக்கு நடந்து போயிருக்காரு. பூஜை முடிஞ்சதும் கெளம்பிட்டாரு."

"டார்ச்சும் செல்லும் இங்க கெடக்கு?"

"மறந்திருப்பாரு. வயசாச்சுல்ல." அவன் திரும்பவில்லை. "மாப்ளே, ஒன்னய ஒண்ணு கேக்கணும். அந்த நாப்பத்தொண்ண வெட்டி விட்டுரு. சரியெல்லாம் பண்ண வேணாம். வெட்டி விட்டுரு, அம்புட்டுத்தேன்."

சிநேகிதன் சொன்னால் செய்ய வேண்டியதுதான். அசோக்குமார் முன்னறைக்குத் திரும்பி, சுவரில் இருந்த வயர்ப் பெட்டியைத் திறந்தான். நாற்பத்தொன்றாம் இடத்தில் இருந்த இரண்டு வயர்களும் ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருந்தன. தொழில் தெரியாத கை. பல்லால் கடித்தது போல் செம்பு முனைகள் நைந்து தொங்கின. ஒன்றோடொன்று தொடாமல், எதையும் தொடாமல் தொங்கின.

அவன் திரும்பிப் போர்டைப் பார்த்தான். நாற்பத்தொன்றின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரிசீவரை எடுத்தான். டிக். டிக்.

வேறு வழியாக ஏதாவது வயர் போயிருக்கும், எலி கடித்து ஈரத்தில் ஒட்டியிருக்கும் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். அந்த நேரத்தில்தான் கரண்ட் போனது. ஃபேன் சுற்றி நின்றது. கம்ப்யூட்டர்களின் முனகல் அடங்கியது. போர்டு முழுக்க இருண்டது. ஒரு விளக்கைத் தவிர.

"மாப்ளே, உள்ள ஆள் இருக்குடா." அசோக்குமாரின் குரல் அவனுக்கே உயர்ந்து கேட்டது. "குடோனுக்குள்ள யாரோ மாட்டிக்கிட்டுத் தட்டுறாங்க."

பின்னாலேயே வந்து நின்ற பழனிக்குமார் அவனைப் பார்த்தான். அழப்போகிறவன் முகம் போல ஒரு நிமிடம் கோணியது. பிறகு தெளிந்தது. எதையோ முடிவு பண்ணியவன் முகம்.

"காலைல நாந்தான் தொறந்து பாத்தேன். ஒரு ஈ காக்கா இல்ல. நம்பலேன்னா வா, நீயே பாரு. அப்படியே அந்த போனையும் பாத்துரு."

மழையில் இருவரும் ஒரே குடையில் போனார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போன மாதிரியே, பழனி குடையை அவன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தான். குடோனின் இரும்புக் கதவில் பெரிய மாங்காய்ப் பூட்டு தொங்கியது. திறந்ததும் பஞ்சின் புழுங்கிய நெடியும், அதற்குள் சந்தனமும், சந்தனத்துக்கு அடியில் சொல்லத் தெரியாத வேறொரு வாடையும் வந்து முகத்தில் மோதின.

"செல்லக் குடுத்துட்டுப் போ. பஞ்சு குடோனுக்குள்ள செல்லு கூடாது, தெரியும்ல?"

தெரியும். எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறான். யோசிக்காமல் எடுத்து அந்தக் கையில் வைத்தான்.

உள்ளே பஞ்சுப் பொதிகள், பேல் பேலாக, கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஓர் ஆள் போகிற சந்து. உயரத்துச் சாளரங்களில் இருந்து சாம்பல் நிற வெளிச்சம் கொஞ்சம் வந்தது. கடைசிச் சுவரில் மர ஸ்டாண்டில் போன் இருந்தது. அதன் ரிசீவர் வயரில் தொங்கி, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் விட்டது போல. அதைச் சுற்றித் தரையில் பஞ்சு பிய்க்கப்பட்டு, ஒருவர் படுக்கிற அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கதவுப் பக்கத்துப் பேல்களில் நகம் பிறாண்டிய கோடுகள்.

"பழனி, இங்க பாருடா..."

பின்னால் இரும்பு இழுபடும் சத்தம். வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கி மறைந்தது. பூட்டு விழுந்தது.

முதலில் காற்று சாத்திவிட்டது என்றுதான் நினைத்தான். சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தான். "டேய், கதவு சாத்திக்கிச்சு. தொற." கதவைத் தட்டினான். உள்ளங்கை வலிக்கத் தட்டினான். அந்தப் பக்கம் பழனி நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. அவன் மூச்சு இரும்பில் பட்டுத் திரும்புவது கேட்டது. பிறகு காலடி, சேற்றில், ஆபீஸ் பக்கமாகப் போனது. அவசரப்படாமல் போனது.

அப்போதுதான் அசோக்குமாருக்கு நெஞ்சு விட்டுப்போனது. பயத்தால் அல்ல. பயம் பிறகு வந்தது. பாடை தூக்கிய தோள். மாப்ளே என்று கூப்பிட்ட வாய். குடையை இவன் பக்கம் சாய்த்துப் பிடித்த கை. அதே கை. அடப்பாவி, அதே கைதானே பூட்டியது? சிறுபிள்ளை போல் அவனுக்கு அழுகை வந்தது.

பின்னால், இருட்டில்:

டிக்.

அவன் திரும்பினான். ஒன்றும் தெரியவில்லை. சாளரத்து வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது.

போன். போன் ஒன்றுதான் வழி. பேல்களைத் தடவிக்கொண்டே போனான். பையில் இருந்து ஸ்பிரிட்டையும் பிரஷ்ஷையும் எடுத்தான். பார்க்கத் தேவையில்லை, விரலுக்கு வேலை தெரியும். குழியைச் சுற்றிக் காய்ந்த சந்தனம் கல்லாக இருந்தது. பாவம், ஆவுடையப்பண்ணன் தன் கையாலேயே பக்தியாக அப்பியிருப்பார். தேய்த்தான். சுரண்டினான். துணியால் ஒத்தினான். காய்ந்துவிட்டது. சுத்தம். பட்டனை அமுக்கி விட்டான்.

டக்.

ரிசீவரைக் காதில் வைத்தான். அறுந்த வயர்கள் பெட்டியில் தொங்குவது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த அதே நொடியில் மணி அடித்தது. எங்கோ அடித்தது. எடுக்கப்பட்டது.

"பழனி! கதவத் தொறடா!"

மழைச் சத்தம். மூச்சு. பிறகு பழனியின் குரல், அழுது வீங்கிய குரல்.

"சரி பண்ணிட்டியா மாப்ளே. நீ கெட்டிக்காரன்ல."

"தொறடா. என்னடா பண்ணுன அவர?"

"நான் ஒண்ணும் பண்ணல. உள்ள படுத்திருந்தாரு, தெரியாமப் பூட்டிட்டேன். பூஜையன்னைக்கே கூப்ட்டாரு. ‘மாட்டிக்கிட்டேன்யா, யாரையாச்சும் அனுப்புங்க’ன்னாரு. நான் ஒட்டன்சத்திரத்துல மாமனார் வீட்ல இருந்தேன். சாவி எங்கிட்ட. காலைல வாரேன்னு சொன்னேன். காலைல புள்ளைக்கு ஏடு தொவக்குற நாளு. மறுநா விருந்து. அதுக்கப்புறம் தொறக்கப் பயமாயிருச்சு மாப்ளே. தொறந்தப்போ..." மூக்கை உறிஞ்சினான். "நேத்து நாந்தான் தூக்கிட்டுப் போயி கொடகனாத்துப் பக்கம் பொதைச்சேன். பொதைச்ச பொறகும் கூப்புடுறாரு. வயரப் புடுங்குனாலும் கூப்புடுறாரு. ‘யாரையாச்சும் அனுப்புங்கய்யா, யாரையாச்சும் அனுப்புங்க.’ வேற ஒண்ணுமே கேக்கல."

"பழனி..."

"எனக்குப் புள்ளகுட்டி இருக்கு மாப்ளே."

"எனக்கும் இருக்குடா!"

"அதான், அனுப்பிட்டேன்," என்றான் பழனிக்குமார். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. தன்னிடம் பேசுகிற குரல் அல்ல அது. மரியாதையான குரல். மேலதிகாரியிடம் வேலை முடிந்ததைச் சொல்கிற குரல். "ஆளு வந்தாச்சுங்கய்யா. இனிமே கூப்புடாதீங்க."

டக்.

லைன் செத்தது.

பழனி வைத்துவிட்டான் என்று நினைத்தான். இல்லை. அந்த டக் காதுக்குள் கேட்கவில்லை. எதிரே கேட்டது. ஸ்டாண்டில்.

ரிசீவர் இன்னும் தன் கையில்தான் இருந்தது. ஹூக் தானாக அமுங்காது. இடது கையை நீட்டினான். மெதுவாக. போனின் விளிம்பு. பொத்தான்கள். குழி.

சுத்தமாகத் துடைத்த குழி ஈரமாக இருந்தது.

பட்டன் அமுங்கியிருந்தது. அதன் மேல் ஒரு கட்டை விரல். காய்த்துப்போன, ஜில்லிட்ட விரல்.

கையை இழுக்கவில்லை. இழுக்க முடியவில்லை.

விரல் பட்டனை விட்டு எழும்பியது. டக்.

சந்தன வாசனை முகத்துக்கு நேரே வந்தது. அதற்கு அடியில் இருந்த வாடையும் வந்தது.

பிறகு அவன் நெற்றியில், இரண்டு புருவங்களுக்கு நடுவே, ஈரம். பூஜையில் டார்ச்சுக்கும் செல்லுக்கும் வைத்தது போலவே அந்த விரல் நிதானமாக, வட்டமாக, பொட்டு வைத்துக்கொண்டிருந்தது.